சுண்ணாம்பு தடவாத கலயம்

அன்புள்ள மாமாவுக்கு, ஆரிகன் மாநிலம் பீவர்ட்டனிலிருந்து உங்கள் மருமகன் வணக்கத்துடன் எழுதுவது.

வீடியோ காலில் மேஜைமேல் இருந்த பழுப்பு பாட்டிலைப் பார்த்ததிலிருந்து, 'பையன் கெட்டுட்டான்' என்ற செய்தி சதுரங்கப்பட்டினத்தில் கிளம்பி மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டதாக அத்தை சொன்னார். செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போகாததுதான் பாக்கி. தன் வழக்கைத் தானே பேசினால் எடுபடாது. ஆகவே குற்றவாளி இந்தக் கடிதம் முழுக்க 'மருமகன்' என்றே அழைக்கப்படுவான்.

பாட்டிலில் இருந்தது கொம்புச்சா. சனிக்கிழமை கூடும் பீவர்ட்டன் உழவர் சந்தையில் சின்னக் கடைக்காரர் ஒருவர் தாமே போட்டு விற்பது. சர்க்கரை கலந்த தேநீரை ஆறவைத்து, பழைய கொம்புச்சா கொஞ்சம் ஊற்றி, மேலே ஸ்கோபி என்கிற ஏட்டை மிதக்கவிடுகிறார். ஸ்கோபியைப் பார்த்தவனுக்குக் குடிக்க மனசு வராது. வழவழவென்று, அழுக்கு வெள்ளையில், ஜாடியின் வாயளவுக்கு வட்டமாகப் படர்ந்து கிடக்கும். பாக்டீரியா உண்டாக்கிய செல்லுலோஸ் அது. ஜாடியைத் துணியால் வேடு கட்டி ஒரு வாரம், பத்து நாள் விட்டால், ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹால் ஆக்கும். பாக்டீரியா அந்த ஆல்கஹாலைக் காற்றின் துணையோடு புளிப்பாக மாற்றும். மருமகனுக்குப் பிடித்தது இஞ்சி போட்டது. முதல் வாய் வினிகர், அடுத்தது இஞ்சி, அதற்கடுத்தது நேராக மூக்குக்கு ஏறும்.

ஆல்கஹால் என்றதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருப்பீர்கள். மாட்டிக்கொண்டு மேலே படிக்கவும். ஆல்கஹால் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அமெரிக்கச் சட்டப்படி அது மது இல்லை. சிக்கல் என்னவென்றால், மூடிய பாட்டிலில் காற்று கிடைக்காமல் பாக்டீரியா ஓய்ந்துவிடும், ஈஸ்ட் ஓயாது. 2010-ல் சில பாட்டில்கள் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது தெரியவந்து, ஹோல் ஃபுட்ஸ் கடைகளில் கொம்புச்சாவை அலமாரியிலிருந்து இறக்கினார்கள். அதனால்தான் சந்தைக்காரர் ஐஸ் பெட்டியிலிருந்து மட்டுமே எடுத்துத் தருகிறார்.

இதை அத்தையிடம் விளக்கியபோது, "கலயத்துல சுண்ணாம்பு தடவச் சொல்லுடா" என்றார்.

லேசான யோசனை இல்லை அது. நம் பக்கத்துப் பனைமரத்தில் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் அதே சாறு சில மணி நேரத்தில் கள். முன்னதைச் சாலையோரம் வைத்து விற்கலாம். பின்னதற்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. ஆனால் கொம்புச்சாவில் சுண்ணாம்பு சேர்த்தால் புளிப்பு செத்துப்போகும், விற்க ஒன்றும் மிஞ்சாது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஃபிரிட்ஜ்தான் சுண்ணாம்பு. கள் தரும் கிறக்கத்தை இதில் எதிர்பார்த்து உட்கார்ந்தால் வயிறு புண்ணாவதுதான் மிச்சம்.

ஏற்கெனவே ஏறியது ஏதாவது இருந்தாலும் விலையைக் கேட்டதும் இறங்கிவிடும். அரை லிட்டர்கூட இல்லாத பாட்டில் நாலைந்து டாலர். குடலுக்கு நல்லது, மூட்டுவலி போகும் என்று சிலர் சொல்வதில் பெரும்பகுதி மனிதர்களிடம் சோதித்து நிரூபித்ததில்லை. மருமகன் ருசிக்குத்தான் குடிக்கிறான்.

பாட்டிலுக்கு 10 சென்ட் முன்பணம் வேறு. காலி பாட்டிலைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். அமெரிக்காவிலேயே முதலில், 1971-ல், இந்தச் சட்டம் போட்ட மாநிலம் ஆரிகன். கொம்புச்சாவை 2018-ல் சேர்த்தார்கள். நாம் கோலி சோடா குடித்துவிட்டுப் பாட்டிலைக் கீழே வைக்கிறவரை கடைக்காரர் கண்ணெடுக்காமல் பார்ப்பாரே, அந்தப் பார்வையை இங்கே சட்டசபையில் நிறைவேற்றியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். ஊறுகாய் ஜாடியில் தானும் போட்டுப் பார்ப்பதாக அத்தை கிளம்பியிருக்கிறார். பழைய பீங்கான் ஜாடியின் பூச்சில் ஈயம் இருக்கலாம்; புளிப்பு அதைக் கரைத்து இழுத்துவிடும். பித்தளை, செம்பும் ஆகாது. கண்ணாடி ஜாடி வாங்கிக் கொடுங்கள். சித்திரை வெயிலில் வைத்தால் சீக்கிரமே வெறும் வினிகராகிவிடும், மார்கழி வரை பொறுக்கச் சொல்லுங்கள்.