நேவி ப்ளூவும் கருநீலமும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினைந்து வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 41. டேட்டா அனலிஸ்ட் ஆகிவிடுங்கள் மாமா என்கிறான் மைத்துனன். எக்ஸெல், எஸ்க்யூஎல், பைத்தான், பவர் பிஐ என்று அடுக்குகிறான். எதில் தொடங்குவது?

பதில்: பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள்! ஒரே சாயத்தை ஒரு பில்லில் 'நேவி', இன்னொன்றில் 'நேவி ப்ளூ', மூன்றாவதில் 'கருநீலம்' என்று எழுதியிருப்பார்கள். மூன்றும் ஒன்றே என்று உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதைச் சரிசெய்வதில்தான் அனலிஸ்ட்டின் பாதி நாள் போகிறது.

எக்ஸெல்லில் பிவட் டேபிள் கைக்கு வரட்டும். ஆனால் அதை முழுக்க நம்பாதீர்கள். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் ஏறாது. 2020-இல் இங்கிலாந்தில் இதனால்தான் 15,841 கொரோனா நோயாளிகள் கணக்கில் வராமல் போனார்கள். ஆகவே அடுத்தது எஸ்க்யூஎல். எத்தனை லட்சம் வரிசையானாலும் அது அசராது. பவர் பிஐ முதலாளிக்குப் படம் காட்டப் பயன்படும். பைத்தான் கடைசியில். பாம்பு என்று பயப்பட வேண்டாம், மான்டி பைத்தான் என்ற காமெடிக் குழுவின் நினைவாக வைத்த பெயர் அது.

வேலையை மட்டும் இப்போதே விட்டுவிடாதீர்கள். மைத்துனரிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: அவர் ஏன் இன்னும் ஆகவில்லையாம்?