தண்டவாளத்துக்குக் கப்பல்

வித்துராவில் பொன்முடி மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நிற்பவர் கையில் படகுச் சீட்டைத் திணித்தால் என்ன சொல்வார்? மலேசியத் தமிழருக்குக் கிடைத்த நஷ்டஈடு அந்த வகை. 1942–43இல் ஜப்பான் ராணுவம் சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிப்போனது. காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அதே வேலையில் செத்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குச் சயாமின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாய்க் கல்லறை. 1957இல் அந்தப் பாதையின் பாலத்தைப் பற்றி ஹாலிவுட் படம் வேறு, அதற்கு ஏழு ஆஸ்கர். (படத்துக்கான பாலத்தை இலங்கையில் கட்டினார்கள், தமிழ்க் கூலிக்குத்தான் கதையில் இடமில்லை.)

மலேசிய அரசுடன் செய்த 1967 ஒப்பந்தப்படி ஜப்பான் 2.5 கோடி மலேசிய வெள்ளிக்கு ஈடு தந்தது. எப்படி? இரண்டு சரக்குக் கப்பல்களாக! தண்டவாளம் போட்டுச் செத்தவரின் பேரன் எந்தத் துறைமுகத்தில் போய்ப் பங்கு கேட்பான்? கேட்டவர்களுக்கும் ‘கணக்கு அன்றே தீர்ந்தது’ என்பதுதான் பதில்.

பணத்தைப் பிறகு பேசலாம், ஐயா. எந்தத் தோட்டத்திலிருந்து யார் யார் போனார்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியலாவது முதலில் தயார் செய்யுங்கள்.