நாலு போடுங்கப்பா

தமிழ்நாட்டில் முனைவர் பட்டம் வேண்டும், தலைப்புதான் அகப்படவில்லை என்று யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். "இன்ன மாவட்டக் கல்லூரி ஆசிரியர்களின் பணித்திருப்தி: ஓர் ஆய்வு" என்று எழுதிக்கொண்டு வழிகாட்டியைப் போய்ப் பார்க்கலாம். மாவட்டங்கள் 38 இருக்கின்றன. ஆசிரியரை எடுத்துவிட்டுச் செவிலியர், வங்கி ஊழியர், நூற்பாலைத் தொழிலாளி, பி.எட். மாணவி என்று ஆளை மாற்றிக்கொண்டே போனால் இன்னும் மூன்று தலைமுறைக்கு டாக்டர்களுக்குப் பஞ்சம் வராது.

ஆய்வு முறையும் சிரமமில்லாதது. ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர் 1932இல் ஓர் அளவுகோலைக் கொடுத்துவிட்டுப் போனார். முற்றிலும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி முற்றிலும் மறுக்கிறேன் என்பது வரை ஐந்து கட்டம். அதை கூகுள் ஃபார்மில் ஏற்றி, தெரிந்தவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டு, "ப்ளீஸ் ஃபில் பண்ணிடுங்க சார்" என்று கைகூப்பும் பொம்மை ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் தரவு தயார். கணக்கைப் போட்டுக் கொடுக்கப் பல்கலைக்கழக வாசலிலேயே கடை உண்டு. முடிவு எப்போதும் ஒன்றுதான்: ஆண் ஆசிரியருக்கும் பெண் ஆசிரியருக்கும் பணித்திருப்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பரிந்துரையும் ஒன்றுதான்: நிர்வாகம் யோகா வகுப்பு நடத்தலாம். சம்பளத்தைக் கூட்டு என்று மட்டும் பரிந்துரையில் வராது. ஆய்வுக்கு அனுமதிக் கடிதம் கொடுத்தது நிர்வாகம். அந்தக் கடிதம்தான் ஆய்வேட்டின் முதல் பின்னிணைப்பு.

முனைவர் பட்டம் தனிமனிதரின் பிழைப்பு, போகட்டும். இதே கூத்தை அரசாங்கமும் எடுத்து ஆடத் தொடங்கியதுதான் வயிற்றெரிச்சல். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு கொடுக்கும் நாக் அமைப்பு 2017இல் தன் முறையைத் திருத்தியபோது, மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு என்ற ஒன்றையும் சேர்த்தது. 21 கேள்வி. முதல் 20க்கும் பூஜ்யம் முதல் நாலு வரை மதிப்பெண். பாடத்திட்டத்தில் எத்தனை சதவீதம் நடத்தினார்கள், ஆசிரியர் தயாரித்துக்கொண்டு வந்தாரா, புரோஜெக்டர் பயன்படுத்தினாரா என்று போகும். கல்லூரி தன் மாணவர்களின் மின்னஞ்சல் பட்டியலைக் கொடுக்க வேண்டும். கேள்விகள் நேராக மாணவருக்குப் போகும். கல்லூரியில் பத்து சதவீதம் மாணவர்களோ நூறு பேரோ, எது குறைவோ அது பதில் சொன்னால் போதும். டெல்லியிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு இது அப்பழுக்கற்ற ஜனநாயகமாகத் தோன்றியிருக்க வேண்டும்.

கல்லூரிக்கு வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மின்னஞ்சல் வரப்போகும் வாரத்தில் துறைத்தலைவர் வகுப்புக்குள் வருகிறார். அவர் முகத்தில் மாணவர்கள் அதுவரை கண்டிராத கனிவு. "லிங்க் வரும்ப்பா. எல்லாத்துக்கும் நாலு போடுங்க. நம்ம காலேஜுக்கு நல்ல கிரேடு வந்தாத்தான் உங்க டிகிரிக்கு மதிப்பு." அகமதிப்பெண் அவர் கையில் இருக்கிறது என்பதை அவர் சொல்வதில்லை, எதற்குச் சொல்ல வேண்டும்? பிள்ளைகள் வரிசையாக கம்ப்யூட்டர் லேபுக்குப் போய் நாலு நாலாகப் போட்டுவிட்டு வருகிறார்கள். மூன்றாண்டு படிப்பில் அந்த லேபுக்குள் சிலர் நுழைவதே அன்றைக்குத்தான்.

பிறகு, 2025 தொடக்கம் வரை, ஆய்வுக்குழு நேரில் வந்தது. சுவருக்கு வெள்ளை, வாசலுக்குக் கோலம், வாடகைக்குப் பூந்தொட்டி. பல மாதமாகப் பூட்டிக் கிடந்த கழிப்பறையில் பினாயில் வாசம் வந்தது. நூலகப் பதிவேட்டில் போன வருடத்துக்கும் சேர்த்து அந்த வாரமே கையெழுத்துகள் விழுந்தன, நாலைந்து நிற மையில். குழு போன மறுநாள் பூந்தொட்டிகளும் வேனில் ஏறிப் போய்விட்டன.

குழுவின் திருப்திக்கும் ஒரு விலை உண்டு என்கிறது சிபிஐ. 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் குண்டூர் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு ஏ பிளஸ் பிளஸ் வாங்க லஞ்சம் கைமாறியதாக வழக்குப் போட்டு, ஆய்வுக்குழுத் தலைவர் உட்படப் பத்துப் பேரைக் கைது செய்தது. கைப்பற்றியதாகச் சொன்னவை: 37 லட்சம் ரூபாய், ஆறு லேப்டாப், ஒரு ஐபோன். குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். எனக்கு அந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் வருத்தம். எத்தனையோ ஊர்களில் சல்லிக்காசு வாங்காமல் நாலு போட்டுக் கொடுத்திருக்கிறார்களே!

ஆசிரியர் திருப்தியின் கதை வேறு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பாதிச் சுமையைத் தோளில் தூக்கிக்கொண்டிருப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். ஏழாயிரத்துக்கும் மேல் இருக்கிறார்கள். நெட், செட், முனைவர் பட்டம் எல்லாம் வைத்திருப்பவர்கள் அவர்களில் ஏராளம். மாதம் 25,000 ரூபாய். அதுவும் பதினோரு மாதத்துக்கு. மே மாதம் அவர்களுக்குக் கௌரவம் மட்டும்தான், சம்பளம் கிடையாது. மே மாதத்தில் வீட்டு வாடகை கேட்காத வீட்டுக்காரரை அரசு எங்கிருந்து கண்டுபிடித்ததோ தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2019லேயே சொல்லிவிட்டது. இவர்களிடமும் படிவம் நீட்டப்படுகிறது: "உங்கள் பணிச்சூழல் உங்களுக்கு மனநிறைவு தருகிறதா?" அடுத்த கல்வியாண்டில் பணி நீட்டிப்புக் கேட்டு நிற்க வேண்டியவர் என்ன எழுதுவார் என்று நினைக்கிறீர்கள்?

சுயநிதிக் கல்லூரியில் இதைக் கேட்பதே வேடிக்கை. அங்கே பல இடங்களில் ஆசிரியரின் அசல் சான்றிதழ்கள் தாளாளர் அலுவலக பீரோவில் தூங்குகின்றன. கோடை விடுமுறையில் அவர் வீடுவீடாகப் போய்ப் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைப் பிடித்து வர வேண்டும். பிடிபட்டது குறைந்தால் சம்பளமும் குறையலாம்.

ஆனால் உண்மையிலேயே மனநிறைவுடன் வாழ்ந்த ஆசிரியர்களையும் இந்த நாடு கண்டிருக்கிறது. 2024 ஜூலையில் ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்கில் இருந்தார்கள். ஒருவர் பதினோரு கல்லூரிகளில். அவரிடம் பணித்திருப்திப் படிவம் கொடுத்தால் பதினோரு தடவை "முற்றிலும் உடன்படுகிறேன்" என்று போட்டிருப்பார். ஆய்வாளருக்கும் மாதிரி எண்ணிக்கை சட்டென்று கூடியிருக்கும்.

தொழிலாளி பக்கம் வந்தால் இந்த வித்தையின் பூர்வீகமே தெரிந்துவிடும். சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1928இலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை உட்காரவைத்துக் குறை கேட்டார்கள். கேன்டீன் சாப்பாட்டைத் திட்டித் தீர்த்த ஒரு தொழிலாளி, சில வாரம் கழித்துப் பேட்டி எடுத்தவரைப் பார்த்து, நீங்கள் சொன்ன பிறகு சாப்பாடு நன்றாகிவிட்டது என்று நன்றி சொன்னாராம். சாப்பாட்டில் ஒரு மாற்றமும் செய்யப்படவில்லை. அறிஞர்கள் இதை மனித மனத்தின் விந்தை என்று எழுதினார்கள். முதலாளிகள் அதைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள்: சமையல்காரரை மாற்றுவதைவிடக் கேள்வி கேட்பது மலிவு.

இந்த விந்தை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பலிக்கவில்லை. ஆப்பிளுக்குப் போன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள், 2021 டிசம்பரில் பூந்தமல்லி விடுதிச் சாப்பாட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்குமாய் விழுந்தார்கள். 159 பேர் மருத்துவமனையில். மற்றவர்கள் படிவம் கேட்காமல் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். சப்ளையர்களைத் தணிக்கை செய்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடும் ஆப்பிளுக்கு, சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமில்லை என்பது அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. ஒரே அறையில் முப்பது பெண்கள் வரை படுத்திருந்ததாகச் செய்தி வந்ததும் அப்போதுதான்.

2024 டிசம்பரில் நொய்டாவின் யெஸ்மேடம் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஊழியர்களிடம் மன அழுத்தம் இருக்கிறதா என்று கணக்கெடுத்து, மிகுந்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னவர்களை வேலையைவிட்டு அனுப்பிவிட்டதாக அதன் பெயரில் ஒரு கடிதம் ஊரெல்லாம் சுற்றியது. நாடு கொதித்ததும், யாரையும் அனுப்பவில்லை, அழுத்தத்தைப் பற்றிக் கவனத்தை ஈர்க்கத்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். விளம்பரமாம். கொடுமை என்னவென்றால், அந்தக் கடிதத்தைப் படித்த ஊழியர்களில் பலருக்கு அது பொய்யாக இருக்கலாம் என்று சட்டென்று தோன்றவில்லை.

அதே 2024இல் செப்டம்பர் 9 முதல் 37 நாள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையில் சுமார் 1,500 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டவற்றில் முதன்மையானது தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். அக்டோபர் 7 அன்று நிர்வாகம் தனக்குத் தோதான வேறொரு தொழிலாளர் குழுவைக் கூட்டி வந்து, மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் போட்டது. மூன்று அமைச்சர்கள் சமாதானம் என்று அறிவித்தார்கள். திருப்தியான தொழிலாளர்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்கியாயிற்று. திருப்தியில்லாதவர்களின் பந்தலை அடுத்த ஓரிரு நாளில் போலீஸ் பிரித்துப் போட்டது. அவர்களின் சங்கப் பதிவு விண்ணப்பம் உயர் நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில்தான் பதிவானது. அந்த விண்ணப்பத்தில் நாலு போடுவதற்குக் கட்டம் எதுவும் இல்லை. அரசுக்கு அவ்வளவு நாள் பிடித்தது அதனால்தான் போலிருக்கிறது.