மாநிலந்தோறும் ஒரு கல்லீரல்

இந்தியனின் கல்லீரல் எந்த வயதில் பக்குவம் அடைகிறது? டாக்டரிடம் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது. கலால் துறையைக் கேளுங்கள். புதுச்சேரியில் 18. கோரிமேடு தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் 21. வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குள் போனால் 23. டெல்லியில் 25. மகாராஷ்டிரக் கல்லீரல் இன்னும் நுட்பமானது: பீருக்கு 21, பிராந்திக்கு 25.

குஜராத்தில் 1960 முதல் மதுவிலக்கு. ஆனாலும் 40 வயது தாண்டியவர், குடித்தால்தான் உடம்பு தேறும் என்று டாக்டரிடம் சீட்டு வாங்கினால் பர்மிட் உண்டு. 2023 டிசம்பரில் காந்திநகர் கிஃப்ட் சிட்டிக்கு மட்டும் விதியைத் தளர்த்தினார்கள். முதலீட்டாளர் வந்தால் காந்தி கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அரசியல் சாசனத்தின் 47ஆவது பிரிவு மதுவிலக்குக்கு முயலுங்கள் என்கிறது. ஏழாவது அட்டவணை மதுவையும் அதன் வரியையும் மாநிலங்களின் கையில் கொடுக்கிறது. நம் மாநிலங்கள் பெரும்பாலும் இரண்டாவதை மட்டும்தான் படித்தன. 2017இல் ஒரே நாடு, ஒரே வரி என்று முழங்கினார்களே, கடலைமிட்டாய்க்குக்கூட ஜிஎஸ்டி வந்தது. சாராயத்தைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். தென்னை மரத்தடியில் வந்து நின்றால்தான் வயிறு எரிகிறது. பாலக்காட்டுச் சித்தூரில் தென்னையில் ஏறிக் கள் இறக்குகிறவர் தொழிலாளி. அவருக்கு நலவாரியம் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம், பொள்ளாச்சியில், அதே வெயிலில் அதே தென்னையில் ஏறிக் கள் இறக்குகிறவர் குற்றவாளி. கேஸ் போட்டுப் பானையை உடைப்பார்கள். 1987 முதல் இங்கே கள்ளுக்குத் தடை. சொல்லும் காரணம் கலப்படம். பாலில்கூடத்தான் கலப்படம் நடக்கிறது, மாட்டை யாராவது தடை செய்தார்களா? கலக்குகிறவனைப் பிடிக்க வக்கில்லாமல் மரத்தைப் பிடித்தார்கள். பிறகு 2003இல் அரசே டாஸ்மாக் கல்லாவில் உட்கார்ந்தது. பாட்டிலின் மேல் மது கேடு என்று அச்சடித்து, அந்தக் கேட்டை விற்று, 2023-24இல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வரியாக அள்ளியது. மரத்திலிருந்து இறங்கினால் விஷம், ஆலையிலிருந்து லாரியில் இறங்கினால் வருவாய். இதற்குப் பெயர் கொள்கையாம்!

சாவில் மட்டும் மாநில பேதம் இல்லை. 2022 டிசம்பரில், மதுவை விலக்கிய பீகாரின் சாரண் மாவட்டத்தில் விஷச்சாராயம் குடித்துப் பலர் மாண்டார்கள். குடித்தால் சாகத்தான் செய்வான் என்றார் முதலமைச்சர். 2024 ஜூனில், மதுவை விற்கிற தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது அரசு. விலக்கினாலும் விற்றாலும், மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்காரர்கள். கிஃப்ட் சிட்டிக்காரர் யாரும் அந்த வரிசையில் இல்லை.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர், படிப்படியாக மதுவிலக்கு என்று ஆரம்பித்தால் வாசலிலேயே நிறுத்திக் கணக்குக் கேளுங்கள். 2016இல் 500 டாஸ்மாக் கடைகளை மூடினார்கள். 2023இல் இன்னொரு 500 கடைகளை மூடினார்கள். வருமானம் ஏறியது.