பிளேட் பழுதான வழக்கில் சந்தேகநபர்கள்

பதுளையில் நான் புரூஃப் பார்க்கும் அச்சகத்தில் ஒரு பிளேட் பழுதானால், மிஷின் நிற்பதற்கு முன்பே காரணம் வந்துவிடும். முதல் சந்தேகநபர் பனி. அடுத்தது கண்ணேறு. மூன்றாவது, அன்றைக்கு லீவில் இருப்பவர். நாலாவது, கொழும்பிலிருந்து பிளேட் அனுப்பியவர். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அவர் மறுத்துப் பேசமாட்டார். மிஷின் ஓட்டும் அண்ணன் பெயர் மட்டும் பட்டியலில் வராது. பட்டியல் போடுகிறவரே அவர்தானே.

பனி மீது பழி போடுவதில் பாதி நியாயம் உண்டு. சின்ன ஓப்செட் மிஷினுக்குப் போடும் அலுமினியம் பிளேட்டின் தடிப்பு 0.15 மில்லிமீட்டர்தான். எழுத்துள்ள இடம் மையை வாங்கும், மற்ற இடம் தண்ணீரை வாங்கும். இந்த உடன்படிக்கையில்தான் தொழிலே ஓடுகிறது. ஈரத்தோடு மிஷினை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் அலுமினியம் பொட்டுப் பொட்டாகப் பூத்துவிடும். பூத்த இடமெல்லாம் மையைப் பிடிக்கும். இங்கிலீஷ் நோட்டீஸில் அது வெறும் அழுக்கு. தமிழ் நோட்டீஸில் எழுத்தின் தலையில் விழுந்தால் உயிர்மெய் மெய்யாகிவிடும். இப்படித்தான் ஒருமுறை அன்னதானம் ‘அன்ன்தானம்’ ஆகி, எனக்குப் புரூஃப் பார்க்கத் தெரியாது என்று ஊர் முழுக்கப் பரவியது.

மருந்து லேசு. நிறுத்தும்போது பிளேட்டுக்கு மெல்லிசாகக் கம் பூசித் துடைத்துவிட வேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலத்தில், விளக்கு அணைந்ததும் மற்றவர்கள் மெழுகுவர்த்தி தேட, எங்கள் அச்சகப் பையன் கம் போத்தலைத் தேடி இருட்டில் ஓடுவான். கம்மைத் தடிப்பாகப் பூசிக் காயவிட்டால் வேறு வினை: எழுத்தும் மையை வாங்காது, பிளேட் குருடாகிவிடும். அப்போதும் பனிதான் காரணம் என்றார் அண்ணன். கச்சான் காற்றில் உதடு வெடிக்கிற ஆடி மாதத்தில்!

பிளேட் வெடிப்பு விஷயத்தில்தான் எனக்கும் அண்ணனுக்கும் பெரிய வாக்குவாதம். இருவருமே தெமோதரை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் அது தொடரும். பேப்பர் பிடிக்கும் பக்கத்தில், பிளேட்டை மடித்துச் செருகும் இடத்தில், இடது மூலையில் வெடித்திருந்தது.

“பிளேட்டு மட்டம் தம்பி. கொழும்புக்காரன் ஏமாத்திட்டான்.”

“மட்டம்னா எங்க வேணா வெடிக்கணும்ல அண்ணே? மூணு பிளேட்டும் ஒரே மூலையில வெடிக்குதே!”

அவர் உடனே ரயில் பாதையை இழுத்தார். எங்கள் ஊரில் எந்த வாக்குவாதமும் கடைசியில் அங்கேதான் போகும். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். இறக்கத்தைச் சமாளிக்கத் தெமோதரையில் பாதையையே ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்டேஷனுக்கு நேர் கீழே 42ஆம் சுரங்கத்துக்குள் விட்டார்கள். கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் இஞ்சினியருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை. (யோசனைக்காக அந்தக் கங்காணிக்கு அரை நாள் சம்பளத்துக்குப் பெயர் போட்டார்களா என்று கதையில் இல்லை.) “பிளேட்டும் தலைப்பா மாதிரித்தான், இறுக்கிக் கட்டணும்” என்றார்.

இறுக்கினார், சரி. எழுத்து கோணலாக விழுந்ததை நேராக்க ஒரு பக்கத் திருகாணியை மட்டும் முறுக்கினார். இழுபடும் மூலை தாங்குமா? மணிக்கு 5,000 தாள் ஓடினால் அந்த மடிப்பு 5,000 தடவை வலியை வாங்குகிறது. தளர்வாகப் போட்டாலும் இதே கதிதான், பிளேட் உருளையோடு ஒட்டாமல் அசைந்து அசைந்து மடிப்பில் முறியும். காயம் எந்த இடத்தில் என்று பார்த்தாலே குற்றவாளி யார் என்று பிளேட் சொல்லிவிடும். ஆனால் அது அண்ணனுக்கு முன்னால் வாய் திறக்காது. நானும்தான்.

தவறில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. 1904இல் அமெரிக்காவில் ரூபெல் என்பவரின் மிஷினில் தாள் போகாமல் எழுத்து ரப்பரில் பதிந்து, அடுத்த தாளின் பின்பக்கத்தில் அதைவிடத் தெளிவாக விழுந்ததாம். அந்தத் தவறுக்குப் பெயர்தான் ஓப்செட். நாங்கள் செய்யும் தவறுகளை யாரும் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் வந்தபோது வெடிப்பில்லை, பூப்பில்லை. மேல் வரியில் ‘செல்வம் பெருக’ என்று இருந்ததில், ல் தலைமேல் இருந்த புள்ளி மட்டும் பாதி ஓட்டத்தில் தேய்ந்துபோனது. ‘செலவம் பெருக.’ படித்தவர்கள் எல்லோரும் ‘செலவு பெருக’ என்றே படித்தார்கள்.

காரணம் தேடி மை ரோலரைப் பார்த்தோம். அதை பிளேட்டில் ஒரு கணம் இறக்கித் தூக்கினால் விழும் மைக்கோடு 3, 4 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் போதும். எங்களுடையது பெருவிரல் அகலத்தில் விழுந்தது. ரப்பர் பிளாங்கெட்டைக் கழற்றினால் அடியில் இரண்டு தாள் கூடுதல். அப்படி உப்பிய பிளாங்கெட் அழுத்துவதோடு நிற்காது, பிளேட்டை உரசவும் செய்யும். பொடிப் புள்ளிதான் முதலில் போகும். முந்தின நாள் சிவப்பு மை மங்கலாக விழுந்தபோது பையன் வைத்த தாள்கள் அவை. நோட்டீஸ் அடித்த அன்றைக்குப் பையன் லீவு. ஆக, மூன்றாவது சந்தேகநபர் முதல்தடவையாக உண்மையிலேயே மாட்டினான். வைக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். “பனியா இருந்துச்சு தம்பி, மை ஏறல” என்றார் அண்ணன்.

தாளை எடுத்து, ரோலரைச் சரிசெய்து, புது பிளேட்டில் மீண்டும் அடித்தோம். கோயில் பொருளாளர் வந்து இரண்டு கட்டையும் பிரித்துப் பார்த்தார்.

“நல்லதைத் திருவிழாவுக்கு வச்சுக்கிறோம். மத்ததையும் கட்டிக் குடுங்க. வசூலுக்குப் போறப்ப அதைக் காட்டினாத்தான் காசு குடுப்பாங்க.”