பெட்டிக்குத் தொட்டுக்க

எதற்கு எது தொட்டுக்க என்பதில் தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெண்பொங்கலுக்குக் கொத்சு, அடைக்கு அவியல், ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் என்று எல்லாவற்றையும் முன்னோர்கள் முடிவுசெய்து வைத்துவிட்டார்கள். மரப்பெட்டிக்கு என்ன தொட்டுக்கொள்வது என்பதை மட்டும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். புதிர்ப்பெட்டிப் பைத்தியங்கள் என்று ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. நல்ல விலை கொடுத்து ஒரு மரப்பெட்டியை வாங்குவார்கள். அதில் சாவியும் கிடையாது, சாவித் துவாரமும் கிடையாது. அதைத் திறக்க உட்காரும் முன், பெட்டியின் குலம் கோத்திரம் விசாரித்து, அதற்குத் தோதான காக்டெயில் ஒன்றைக் கலந்து பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். இந்த நோய் எனக்கும் ஒட்டிக்கொண்டது. நான் யோகோஹாமாவில் குப்பை கொட்டுபவன் (கிழமை பார்த்து, தரம் பிரித்து). ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஹாகோனே. உலகத்துப் புதிர்ப்பெட்டிக்காரர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் க்ஷேத்திரம் அதுதான். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நோய் வராமலிருந்தால்தான் ஆச்சரியம்.

ஹாகோனே மலையில் ஹதாஜுகு என்று ஒரு சிற்றூர். எடோ காலத்து டோக்கைடோ நெடுஞ்சாலை அந்த வழியாகத்தான் போனது. இஷிகாவா நிஹெய் என்கிற கைவினைஞர் எடோ காலத்தின் கடைசிப் பகுதியில் அங்கே தொடங்கிவைத்த வேலைப்பாட்டுக்கு யோசெகி என்று பெயர். சாயம் கிடையாது. மரத்துக்கு இயற்கையிலேயே என்ன நிறமோ அதுதான். வெள்ளை வேண்டுமா, மிசுகி மரம். பச்சைச் சாயல் வேண்டுமா, மக்னோலியா வகை ஒன்று. எல்லாவற்றையும் மெல்லிய சட்டங்களாக அறுத்து, ஒட்டி, ஒரே கட்டையாக்கி, அதன் முகத்தை இழைப்புளியால் சீவுகிறார்கள். நம் ஊர் ஆசாரி சீவினால் சுருள் சுருளாகக் குப்பை விழும். இங்கே அந்தச் சுருள்தான் சரக்கே. கட்டையில் இருந்த கோலம் முழுசாக, காகித கனத்தில் சுருண்டு வரும். அதை இஸ்திரி போட்டு நிமிர்த்திப் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டால், எந்தப் பலகை எங்கே முடிகிறது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

இதுதான் ஹிமிட்சு பாக்கோ, அதாவது ரகசியப் பெட்டி. 4 அசைவில் திறக்கும் சாதுவும் உண்டு, 72 அசைவு கேட்கும் ராட்சசனும் உண்டு. எங்கள் வீட்டில் இருப்பது 21. ஒரு முனைப் பலகையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தினால் பக்கப் பலகை லேசாக அசையும். அது அசைந்தால் எதிர்முனை வழிவிடும். மறுபடி முதல் முனை. இப்படியே அங்குமிங்கும் கெஞ்சி முடித்தால், கடைசியில் மேல்மூடி தானாகவே திறக்க நினைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் ஒன்று தப்பினாலும் பெட்டி மௌனவிரதம்தான்.

பெட்டி வந்த அன்றே வீட்டில் அதற்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. "ஏங்க, இனிமே உங்க கிரெடிட் கார்டு இதுக்குள்ளதான் இருக்கும். நிதானமா இருந்தா திறப்பீங்க, வாங்குவீங்க. நிதானம் இல்லைன்னா வாங்கவும் வேண்டாம்" என்றாள் என் மனைவி. ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் ஆர்டர் செய்த பொருள்களின் பட்டியல் அவளிடம் இருக்கிறது. அதில் ஒரு மீன்பிடித் தூண்டிலும் உண்டு. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்தப் பெட்டிக்கு எந்த பானம்? பெயரைப் பார்த்து மயங்குகிறவர்கள் 'ஜாப்பனீஸ் காக்டெயில்' என்பார்கள். 1862இல் வந்த ஜெர்ரி தாமஸின் காக்டெயில் புத்தகத்திலேயே இருக்கும் பழைய சரக்கு. பிராந்தி, பாதாம் சிரப், பிட்டர்ஸ், கொஞ்சம் எலுமிச்சைத் தோல். இதில் ஜப்பான் எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. 1860இல் ஜப்பானியத் தூதுக்குழு நியூயார்க் வந்த பரபரப்பில் வைத்த பெயர் என்கிறார்கள். இதைப் பக்கத்தில் வைப்பது பெட்டிக்கு அவமானம்.

என் தேர்வு 'பாம்பூ'. ஷெர்ரி ஒரு பங்கு, டிரை வெர்மூத் ஒரு பங்கு, ஆரஞ்சு பிட்டர்ஸ் சில துளி. பனிக்கட்டி போட்டுக் கலக்கி வடிகட்டினால் முடிந்தது வேலை, குலுக்கக் கூடாது. 1890களில் யோகோஹாமா கடற்கரையிலிருந்த கிராண்ட் ஓட்டலை நடத்திய லூயி எப்பிங்கரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பானம் இது. ஓட்டல் 1923 நிலநடுக்கத்தில் போய்விட்டது, பானம் தப்பித்துவிட்டது. ஹாகோனேயும் யோகோஹாமாவும் ஒரே கனகாவா மாகாணம். ஆக, பெட்டியும் கோப்பையும் ஊர்க்காரர்கள். இருந்தாலும் நான் பாம்பூவைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஊர்ப்பாசம் இல்லை. ஷெர்ரி 15 சதவீதம், வெர்மூத் 18 சதவீதம் என்று இரண்டுமே சாதுக்கள். அசைவுகள் ஏற ஏறச் சரக்கின் வீரியம் இறங்க வேண்டும் என்பது என் சித்தாந்தம். 4 அசைவுப் பெட்டிக்கு விஸ்கிகூடத் தாங்கும். 72 அசைவுக்கு நீர்மோர்தான், அதுவும் பெருங்காயம் தூக்கலாக.

சித்தாந்தத்தை நம்பாதவர் பாளையங்கோட்டை அண்ணாச்சி. ஒரு சனிக்கிழமை விஸ்கி பாட்டிலோடு வந்தார். "ஏல, மரப்பெட்டி தானல? அஞ்சு நிமிசம்" என்று உட்கார்ந்தார். முதல் பெக்கில் நாலைந்து பலகைகளை நகர்த்திவிட்டார், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதில், நகர்த்தியதையே திருப்பி நகர்த்திக்கொண்டிருந்தார். மூன்றாவதில் பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டார். "உள்ள ஒண்ணுமே இல்ல தம்பி, கடைக்காரன் உன்னைய ஏமாத்திட்டான்" என்று தீர்ப்பளித்துவிட்டு, சுத்தியல் இருக்கிறதா என்று என் மனைவியிடம் விசாரித்தார். அவள் பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

இன்னும் ஒரு சங்கதி. ஜூன் மாத மழைக்காலத்தில் ஈரத்தில் மரம் கொஞ்சம் உப்பும், பலகைகள் அடம்பிடிக்கும். அப்போது பலத்தைக் காட்டாதீர்கள். பனிக்கட்டிக் கோப்பையைப் பெட்டி மேல் வைக்கவும் கூடாது. காகித கனத்துக் கோலத்தில் வட்டமாகத் தடம் விழுந்தால், அதைச் சீவி எடுக்க இழைப்புளிக்கு மரம் மிச்சமிருக்காது. கோப்பை இடது பக்கம், பெட்டி வலது பக்கம், நடுவில் ஒரு துண்டு. திறந்த பெட்டியை மூட அதே அசைவுகளைப் பின்னாலிருந்து செய்ய வேண்டும் என்பதால், இரண்டாவது கோப்பையை மூடிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாகோனே போகிறவர்கள் முதல் தடவையே 21க்கு ஆசைப்பட வேண்டாம், 10 அசைவு போதும். திறக்கும் முறையைப் படம் போட்டு ஒரு தாள் கூடவே தருவார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடாதீர்கள்.