மெத்திருக்கை வெப்பவியல்: சோபாக் கறையும் நீரின் சூடும்

சோபா, மெத்தை நாற்காலி, தரைவிரிப்பு ஆகியவற்றைத் தொழில்முறையாகத் துவைக்கும்போது நீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதை ஆராயும் துறை மெத்திருக்கை வெப்பவியல் ஆகும். இதன் தொன்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. தொல்காப்பியத்தில் சோபாவைப் பற்றி ஒரு நூற்பாவும் இல்லை. ஆய்வு மரபின்படி இதற்கு இரண்டே விளக்கங்கள்: நூற்பா இருந்து கடல்கோளில் போயிற்று, அல்லது சோபாவை எல்லோரும் அறிந்திருந்ததால் ஆசிரியர் சொல்லாமல் விட்டார். அக்காலத்தில் சோபாவே இல்லை என்ற மூன்றாவது விளக்கத்தால் யாருக்கும் முனைவர் பட்டம் கிடைக்காது. ஆகவே அது விலக்கப்பட்டது.

நவீன காலத்தில் இத்துறைக்கு அடிப்படை இட்டவர் ஜெர்மனியின் ஹென்கல் நிறுவனத்தில் இருந்த ஹெர்பர்ட் சின்னர். அழுக்கு போக மருந்து, தேய்ப்பு, சூடு, நேரம் என்னும் நான்கும் வேண்டும், ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும் என்று 1959இல் அவர் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். ஐந்தாவதாக வீட்டுக்காரர் தலைமாட்டில் நின்று "அந்த ஓரம், அந்த ஓரம்" என்று சொல்லும் சொல்லையும் சேர்க்க வேண்டும் என்பது திருத்தல்வாதிகளின் வாதம். ஏற்கப்படவில்லை.

சூடு செய்யும் வேலை உண்மையில் மூன்று. வேதிவினைகளின் வேகம் வெப்பத்தோடு எப்படி ஏறுகிறது என்பதை 1889இல் அர்ரீனியஸ் வகுத்துக் கொடுத்தார். பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. அடுத்து, 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது நீரின் பிசுக்குமை பாதிக்கும் கீழே இறங்குகிறது. நூலிடுக்கில் நீர் எளிதாக நுழைகிறது. மூன்றாவது பரப்பு இழுவிசை. இதைத்தான் விளம்பரங்கள் பெரிதாகப் பேசும். அதே நாற்பது டிகிரி ஏற்றத்தில் இது பத்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. ஒரு மூடி ஷாம்பு அதைப் பாதிக்கும் கீழே தள்ளிவிடும். ஸ்டீம் என்று பெயர் போட்டுக்கொண்டு வரும் இயந்திரங்களில் பெரும்பாலானவை பீய்ச்சுவது சுடுநீரையே. அதுவும் பொடித்துளியாகப் பறந்து துணியைத் தொடுவதற்குள் பாதி ஆறிவிடும்.

இனி வகைப்பாடு. நீர் நால்வகைப்படும்: பச்சைத்தண்ணீர், வெதுவெதுப்பு, கை பொறுக்கும் சூடு, கொதிநீர். பச்சைத்தண்ணீர் குழாயில் வரும். வெதுவெதுப்பு என்பது கொதிநீரைக் கேட்டவருக்குக் கிடைப்பது. கொதிநீர் காப்பிக்கு உரியது.

எஞ்சிய கை பொறுக்கும் சூடே இத்துறையின் இதயம். வீடு தேடி வந்து சோபா துவைப்பவர் வெப்பமானி கொண்டுவருவதில்லை. "அம்மா, ஒரு பக்கெட் சுடுதண்ணி, கை பொறுக்குற சூட்டுல" என்கிறார். யாருடைய கை என்று அவரும் சொல்வதில்லை, அம்மாவும் கேட்பதில்லை. முதல் உரையாசிரியர் இதைக் கேட்பவரின் கை என்றார். இரண்டாம் உரையாசிரியர், பக்கெட்டைத் தூக்கி வருபவரே முதலில் விரல் விட்டுப் பார்ப்பதால் கொடுப்பவரின் கையே கை என்று மறுத்தார். மூன்றாமவர் இருவரையும் ஒரே மூச்சில் மறுத்து, டீக்கடை மாஸ்டரின் கையை அளவுகோலாக வைத்தார். அதன்படி எந்தக் கம்பளமும் பிழைக்காது. நான்காமவரின் உரை கிடைக்கவில்லை. ஆனால் ஐந்தாமவர் அதை முப்பது பக்கங்களில் கண்டிப்பதால், அது மிகச் சிறந்த உரையாக இருந்திருக்க வேண்டும் எனத் துணியலாம். ஆறாமவரின் பதிப்பில் மூலம் ஒரு வரி, அடிக்குறிப்பு பதினொரு பக்கம்; ஒன்பதாம் அடிக்குறிப்பின் கிளைக்குறிப்பு, வலக்கையா இடக்கையா என்ற வினாவை எழுப்பி, விரிவஞ்சி விடுத்தாம் என்று முடிகிறது. அந்த விரிவஞ்சலைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்து, மலரும் வெளிவந்து, கட்டுரையாளர் அனைவருக்கும் பதவி உயர்வுப் புள்ளி கிடைத்தது. இவர்களுள் ஒருவரும் தண்ணீரில் கை வைத்ததாகச் சான்று இல்லை.

வைத்திருந்தால் விவாதம் அங்கேயே முடிந்திருக்கும். மனிதத் தோல் 43 முதல் 45 டிகிரி வாக்கில் வலியை உணரத் தொடங்குகிறது. ஆகவே கை பொறுக்கும் சூடு யாருடைய கையானாலும் இந்த எல்லையைச் சுற்றியே நிற்கும். பெரும்பாலான சோபாத் துணிகளுக்கு அது போதும்.

கறைகளுள் இரத்தம், முட்டை, பால் மூன்றும் புரத இனம். முட்டை வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டினால் இறுகுவது அடுப்படியில் எல்லோரும் கண்டதே. அதே வினை சோபாவிலும் நடக்கும். சுடுநீர் ஊற்றினால் கறை வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். இவற்றுக்குப் பச்சைத்தண்ணீரே விதி. கம்பளி விரிப்பைச் சூட்டில் போட்டுத் தேய்த்தால் இழைகளின் செதில்கள் ஒன்றையொன்று கவ்வி, விரிப்பு சுருங்கிக் கட்டிப்படும்.

தமிழ் வீட்டுச் சோபாவின் தலையாய கறை தலை எண்ணெய். சாய்ந்து தொலைக்காட்சி பார்க்கும் தலைமுறைகள் அதைப் பதித்துப் போயிருக்கின்றன. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியில் உருகும். ஊட்டிச் சோபாவில் அது உறைந்து கிடக்கிறது. சென்னைச் சோபாவில் இளகியே இருக்கிறது, மார்கழி விடியல் நீங்கலாக. இந்த எண்ணெயில் சூட்டுக்கு நல்ல பயன் உண்டு. நல்லெண்ணெய் வேறு சாதி. அது காற்றுப்பட்டுப் பட்டுப் பிசினாகிவிடும். பழைய நல்லெண்ணெய்க் கறையை வெறும் சுடுநீர் அசைக்காது, மருந்து வேண்டும். எண்ணெய்க் குளியலைக் கைவிட்டது சோபாவுக்கு நன்மையே என்று ஒரு கருத்து நிலவுகிறது.

பச்சைத்தண்ணீர்க் கொள்கைக்குச் சென்னையில் ஒரு நடைமுறை இடர் உண்டு. அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீரே கை பொறுக்கும் சூடு. அன்று இரத்தக் கறை பட்டால் குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பது தவிர வழியில்லை.

எந்த நீரையும் ஊற்றுமுன் மெத்தைக்கு அடியில் தைத்திருக்கும் சீட்டைப் பார்க்க வேண்டும். டபிள்யூ என்றிருந்தால் நீர் ஆகும். எஸ் என்றிருந்தால் நீர் ஆகாது, கரைப்பான் மட்டும். எக்ஸ் என்றிருந்தால் தூசி உறிஞ்சுவதோடு நிறுத்த வேண்டும். சீட்டு இருக்கும் சோபாக்களில் அதை எவரும் படித்ததில்லை. பெரும்பாலானவற்றில் சீட்டே இல்லை.

கடைசியாக மஞ்சள். சாம்பார் சிந்திய இடத்தில் சுடுநீர், பச்சைத்தண்ணீர் என்னும் இரு கட்சிகளும் தோற்கும். குர்குமின் நீரில் கரைவது அரிது, சுடுநீரானாலும் அப்படித்தான். காரச் சோப்பைப் போட்டால் சிவந்து, பார்ப்பவரைக் கலவரப்படுத்தும். ஆனால் அது ஒளிக்கு நிற்காது. வெயிலில் கிடந்தால் தானே வெளுக்கும். சோபாவை மொட்டைமாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டும்.